கை முந்தட்டும்



காயல்பட்டினத்துக் கரையோரத்தில் சிங்கித்துறை, கொம்புத்துறை என்னும் இரு மீனவச் சிற்றூர்கள் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் அக்கரையில் நான் கண்ட ஒரு பாடத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பதினாறு வயதுப் பையன் ஒருவன் முதன்முறையாகக் கடலுக்குச் சென்று, தலைசுற்றி வாந்தியெடுத்துத் திரும்பினான். உடன் சென்றோர் நகைத்தனர். தந்தையோ ஊரறிய ஏசினார். அன்றுமுதல் பையன் கடற்கரைக்கே வர மறுத்தான். வீட்டிலும் எவரோடும் பேசவில்லை. அவன் தாய் என்னிடம் வந்து கண்ணீர் வடித்தாள்.

இறுதியில் அவனுடைய தாய்மாமன் பொறுப்பேற்றார். முதல் நாள் வள்ளம் நீரில் இறங்கவேயில்லை. மணலில் கிடந்த வள்ளத்தில் அவனை அமர்த்தி, அணியம் எது, சுக்கான் எது, எந்தக் கயிறு எதை இழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே தொட்டுச் சொல்லும்வரை பழக்கினார்.

காற்று அடங்கிய ஒரு காலையில் கரையோரமாகவே அழைத்துச் சென்றார். அன்று அவனுக்கு ஒரே வேலை: உள்ளே சேரும் நீரை இறைப்பது. “நடுவிலே தாழ உட்காரு மக்கா. சட்டுன்னு எழும்பாதே. வயிறு புரண்டா தூரத்திலே தெரியுற பனையைப் பாரு” என்றார். வேலையுள்ள கைக்கு நடுங்க நேரமில்லை அல்லவா?

பின்பு சிறு பாயை விரித்து, அதன் தாமான் கயிற்றை அவன் கையில் தந்தார். கயிற்றைக் கட்டிவிடாமல் பிடித்திருக்க வேண்டும். காற்று ஓங்கி வள்ளம் சாய்ந்தால் நெகிழ்த்த வேண்டும். வேண்டுமென்றே வள்ளத்தைச் சாயவிட்டு, கயிறு நெகிழ்ந்ததும் அது நிமிர்வதைக் காட்டினார். சாய்வு வேறு, கவிழ்வு வேறு என்பதை அவன் அன்று அறிந்தான். கவிழ்ந்தால் செய்ய வேண்டியதையும் ஆழமில்லாத நீரில் பழக்கினார். கரை அருகில் இருப்பதுபோலத் தோன்றும். ஆயினும் நீந்தத் துணியாமல் வள்ளத்தையே பற்றியிருக்க வேண்டும். இன்று பெரும்பாலான வள்ளங்களில் எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் எஞ்சின் நின்றுபோகும் வேளையில் இப்பாடங்களே துணை.

“ஒருமுறைகூட நீர் அதட்டவில்லையே?” என்று கேட்டேன்.

“பயந்தவன் காதுலே சத்தம்தான் விழும் சாமி, சொல்லு விழாது. கடலுக்குப் பயப்படுறது தப்பில்லை. பயமே இல்லாதவனைத்தான் நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்” என்றார் அவர்.

உண்மைதான். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் குமரிக் கடலோரத்தில் எத்தனை குடும்பங்களைக் கலங்கடித்தது! வானிலை எச்சரிக்கையைக் கேட்பதும், உயிர்காப்புச் சட்டை அணிவதும் கோழைத்தனம் அல்ல. அச்சத்தை அவமானமாக்கினால், பிள்ளை அதை மறைக்கக் கற்றுக்கொள்வான். மறைத்த அச்சமே ஆபத்தான வேளையில் கையைக் கட்டிப்போடும்.

அலைமேல் நடந்து மூழ்கத் தொடங்கிய இராயப்பரை நம் ஆண்டவர் முதலில் கைநீட்டிப் பிடித்தார். ஏன் ஐயுற்றாய் என்னும் கேள்வி அதன் பின்னரே வந்தது. இந்த முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியாரும் 1544-ஆம் ஆண்டு தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடல்களில், மக்களிடம் பொறுமை காட்டி அவர்தம் அன்பைப் பெறுமாறு மீண்டும் மீண்டும் வேண்டினார். நம் இல்லங்களிலோ பெரும்பாலும் ஏச்சே முந்திக்கொள்கிறது, கை பிந்திவிடுகிறது. கணக்குக்கு அஞ்சும் மகளிடமும், புதுவேலைக்கு அஞ்சும் மகனிடமும் நாம் முதலில் நீட்டுவது எதை?

சில வாரங்கள் கழித்து ஒருநாள் அவ்வள்ளம் கரை திரும்பக் கண்டேன். சுக்கான் பையன் கையில் இருந்தது. மாமன் அணியத்தில், அவனுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் காத்துநின்ற தந்தை ஒன்றும் பேசாமல் நீரில் இறங்கி, வள்ளத்தை இழுக்க மகனோடு கைகொடுத்தார்.