தளத்தின் மதிலுக்குள் தண்டிப்பவர் யார்?

தாம்பரம் விமானப்படைத் தளத்தைக் கடந்து செல்லும் நாம், உள்ளே பாலியல் குற்றம் நடந்தால் யார் தண்டிப்பார் என எண்ணிப் பார்த்ததுண்டா?

2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், கோவை விமானப்படைக் கல்லூரியின் பெண் அதிகாரி ஒருவர் சக அதிகாரி மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். கோவைக் காவல்துறை அவரைக் கைது செய்தது. ஆனால் நீதிமன்றம் அவரை விமானப்படையிடமே ஒப்படைத்தது.

இதற்கு வழிசெய்வது 1950-ஆம் ஆண்டு விமானப்படைச் சட்டம். பாதிக்கப்பட்டவர் பொதுமக்களில் ஒருவர் என்றால், போர்ப்பணி போன்ற சூழல்கள் தவிர, வழக்கு குற்றவியல் நீதிமன்றத்திற்கே உரியது. அவரும் படையைச் சேர்ந்தவர் என்றால், இராணுவ நீதிமன்றமும் விசாரிக்கலாம். எது விசாரிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்பவர் படை அதிகாரி, பாதிக்கப்பட்டவர் அல்ல.

பொதுச் சட்டத்தில் இக்குற்றத்திற்குக் குறைந்தது 10 ஆண்டுகள் கடுங்காவல் தண்டனை உண்டு. இராணுவ நீதிமன்றமும் அதே தண்டனையை வழங்கலாம். ஆனால் அதைவிடக் குறைந்ததையும் வழங்க அச்சட்டம் இடம் தருகிறது. மேலதிகாரி உறுதிசெய்யும்வரை அத்தீர்ப்பு செல்லாது. அவர் தண்டனையைக் குறைக்கவும் முடியும்.

படைக்கு ஒழுங்கு தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாட்டைக் காக்கச் சென்ற நம் மகளுக்கு, வீதியில் நடக்கும் பெண்ணுக்குள்ள உறுதி குறையலாமா? சிந்திப்போம், நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்போம்.