மருத்துவராக முடியாதவர்தாம் தாதியா?



ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் 'என் இலட்சியம்' எனும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன வரும் என்பதை, பயிற்சிக் கழகத்திலிருந்து நேற்று வெளிவந்த புதிய ஆசிரியர்கூடச் சொல்லிவிடுவார். பாதிப் பேர் மருத்துவர். மீதிப் பேர் வழக்கறிஞர், பொறியியலாளர், ஆசிரியர். இருபது ஆண்டுகளாகக் கட்டுரை திருத்தி வரும் நான், தாதியாக விரும்புவதாக எழுதிய பிள்ளைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அப்படி எழுதிய பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஏன், டாக்டராகக் கூடாதா?" என்பதுதான்.

அக்கறையில் பிறக்கும் கேள்விதான். ஆயினும் அதற்குள் ஒரு பெரும் பிழை ஒளிந்திருக்கிறது. அந்தப் பிழையை எனக்குத் தெளிவாகக் காட்டியது, தாதியாக இருந்து அரசியலுக்கு வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கை. அவர் பெயர் எட்டி பெர்னிஸ் ஜான்சன். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பதிவுபெற்ற தாதி அவர்.

டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில் பிறந்தவர் ஜான்சன். கறுப்பினத்தவருக்கென்று தனிப் பள்ளி, தனி இருக்கை, தனி வாசல் என்று சட்டமே மக்களைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. படிப்பில் சிறந்து விளங்கிய அவருக்கு மருத்துவராக வேண்டும் என்பதே ஆசை. ஆனால், உயர்நிலைப் பள்ளியில் வழிகாட்ட வேண்டிய ஆலோசகர், பெண்ணாகப் பிறந்ததால் மருத்துவர் ஆக முடியாது, தாதியாகலாம் என்று சொல்லிவிட்டார். பின்னாளில் இதை ஜான்சனே பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்.

தாதிப் பயிற்சிக்கும் அவருக்குத் தம் மாநிலத்தில் தகுந்த இடம் கிடைக்கவில்லை. வடக்கே நெடுந்தொலைவிலுள்ள இந்தியானா மாநிலத்திற்குச் சென்று, செயிண்ட் மேரிஸ் கல்லூரியில் பயின்று, 1950களின் நடுவில் தாதியானார். பிறகு டல்லஸ் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசாங்க மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. நேரில் பாராமலேயே கொடுத்த வேலை அது. அவர் வந்து நின்ற பிறகுதான் கறுப்பினப் பெண் என்பது தெரிந்தது. ஒதுக்கியிருந்த விடுதி அறையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர் நோயாளியின் அறைக்குள் நுழையும் முன், வேறொருவர் சென்று 'இவர் தகுதி பெற்றவர்தாம்' என்று அறிவிக்க வேண்டியிருந்ததாம்!

அங்கேயே அவர் ஏறத்தாழ 16 ஆண்டுகள் பணியாற்றினார். மனநலப் பிரிவின் தலைமைத் தாதியாக உயர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1967இல் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டமும், 1976இல் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பொது நிருவாகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

இதற்கிடையில், 1972ஆம் ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றத்திற்குப் போட்டியிட்டு வென்றார். டல்லஸ் நகரிலிருந்து மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவரே. 1977இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவரைச் சுகாதாரம், கல்வி, சமூகநலத் துறையின் வட்டார இயக்குநராக நியமித்தார். 1986இல் மாநில மேலவைக்கும், 1992இல் அமெரிக்கக் காங்கிரசின் கீழவைக்கும் தேர்வானார். அதன் பின் 2023 ஜனவரியில் ஓய்வு பெறும்வரை, 30 ஆண்டுகள், தொடர்ந்து 15 முறை மக்கள் அவரையே அனுப்பினார்கள்.

புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. 1992இல் அவர் வென்ற தொகுதியின் எல்லைகளை வரைந்ததில் அவருக்கே பெரும்பங்கு இருந்தது. இன அடிப்படையில் வரையப்பட்டதென்று 1996இல் உச்ச நீதிமன்றம் அந்த எல்லைகளைத் தள்ளுபடி செய்தது. 2010இல் இன்னொன்று வெளிவந்தது. தகுதியுள்ள மாணவர்களுக்குப் போக வேண்டிய உபகாரச் சம்பளத்தைத் தம் பேரப்பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் உதவியாளரின் பிள்ளைகளுக்கும் அவர் வழங்கியிருந்தார். விதி தெரியாமல் செய்ததாகக் கூறிப் பணத்தைத் திருப்பிச் செலுத்தினார். ஆசிரியர்களாகிய நமக்கு இது நெஞ்சில் தைக்கும் செய்தி. ஓர் உபகாரச் சம்பளம் ஓர் ஏழைப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? எனவே, அவரைத் தெய்வமாக்க வேண்டாம். அவர் வாழ்க்கை சொல்லும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நான் முதன்மையாகக் கருதுவது காங்கிரசில் அவர் தேர்ந்துகொண்ட துறையை. அறிவியல், விண்வெளி, தொழில்நுட்பக் குழுவில் தொடக்கம் முதலே இடம்பெற்றார். 2019இல் அதன் தலைவரானார். அப்பதவியை வகித்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே. பெண்ணுக்கு மருத்துவப் படிப்பு எதற்கு என்று திருப்பியனுப்பப்பட்ட அதே பிள்ளை, ஒரு வல்லரசின் அறிவியல் ஆய்வுகளுக்கு வழிவகுக்கும் குழுவின் தலைமை நாற்காலியில் அமர்ந்தது! அமர்ந்ததோடு நிற்கவில்லை. அறிவியலில் பெண்களும் சிறுபான்மையினரும் பின்தங்குவதற்கான தடைகளை நீக்கும் சட்ட வரைவைப் பல ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். குடும்பத்தினரைப் பராமரிக்கும் பொறுப்புடைய ஆய்வாளர்களுக்குக் கால நெகிழ்வு தருவதும் அதில் அடங்கும். 2022 ஆகஸ்டில் கையெழுத்தான 'சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்ட'த்தில் அந்த முயற்சிக்கு இடம் கிடைத்தது.

இந்தக் கதையைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, தாதியாக இருந்தவர் எவ்வளவு உயர்ந்துவிட்டார்!" என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஏணியின் கீழ்ப்படியில் தாதித் தொழிலை நிறுத்தி வைத்தால்தான் அந்த வாக்கியம் பொருள்படும். அந்தப் பள்ளி ஆலோசகரும் அதே ஏணியைத்தானே மனத்தில் வைத்திருந்தார்? 'உன்னால் அது முடியாது, எனவே இது போதும்' என்ற அவர் வழிகாட்டலில் இரண்டு இழிவுகள் உள்ளன. ஒன்று, பிள்ளையின் அறிவுக்கு. மற்றொன்று, தாதித் தொழிலுக்கு. முதலாவதை இன்று பலரும் கண்டிக்கிறோம். இரண்டாவது நம் கண்ணில் படுவதே இல்லை.

மனநலப் பிரிவில் பணியாற்றும் தாதி என்ன கற்றுக்கொள்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கோர்வையின்றிப் பேசுபவரின் பேச்சை இறுதிவரை கேட்க வேண்டும். சினந்து வருபவரிடம் சினவாமல் நிற்க வேண்டும். சிறு மாற்றத்தையும் கவனித்துக் குறிப்பெழுதி, அடுத்து வரும் தாதியிடம் பொறுப்பாக ஒப்படைக்க வேண்டும். 50 ஆண்டு பொதுவாழ்வுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி உண்டா? அவர் தாதித் தொழிலிலிருந்து தப்பித்து அரசியலுக்குப் போனவரல்லர். அதைக் கையோடு எடுத்துச் சென்றவர் என்பதே என் கருத்து.

அவருடைய முடிவும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 2023ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் காலமானார். முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கியிருந்த மறுவாழ்வு நிலையத்தில் உரிய நேரத்தில் தூய்மைப் பராமரிப்புக் கிடைக்காததால் தொற்று ஏற்பட்டு இறந்தார் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். அறுவைச் சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்தாலும், அதன் பின் படுக்கையருகே வந்து பார்க்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகளின் அருமை, அவை இல்லாதபோதுதான் தெரிகிறது.

ஆசிரிய நண்பர்களே, மருத்துவராக வேண்டும் என்று ஒரு சிறுமி எழுதினால், அவளுடைய குடும்ப நிலையையோ நேற்றைய புள்ளிகளையோ கணக்குப் பார்த்து ஆசையை வெட்ட வேண்டாம். அறிவியலிலும் கணிதத்திலும் இன்று என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுப்போம். தாதியாக வேண்டும் என்று ஒரு மாணவன் எழுதினால், அதையும் அதே மதிப்போடு படித்து, "எந்தப் பிரிவில் பணியாற்ற விரும்புகிறாய்?" என்று கேட்போம். பெற்றோர்களே, இவ்விரு பிள்ளைகளையும் ஒருவரோடொருவர் ஒப்பிடாதீர்கள்.

ஆலோசகர் சொன்ன அந்தச் சொல்லை ஜான்சன் முதுமையிலும் மறக்கவில்லை. நம் வகுப்பறைகளில் நாம் சொல்லும் சொற்களும் அப்படித்தான் நிற்கும். அடுத்த முறை 'என் இலட்சியம்' கட்டுரைகளைத் திருத்த அமரும்போது இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.