நீர்க்கோவையும் நம் வாயிற்காவலனும்

லூக்கா சுவிசேஷத்தின் பதினான்காம் அதிகாரத்தைக் கற்றோர், நீர்க்கோவை நோயால் வருந்திய ஒருவனை நம் ஆண்டவர் ஓய்வு நாளிலே குணமாக்கிய வரலாற்றை அறிவர். அவ்விடத்திலேயே, கிணற்றில் வீழ்ந்த கழுதையையோ எருதையோ அந்நாளில் தூக்கிவிடாதிருப்பீரோ என்னும் கருத்துப்பட அவர் வினவியதும் காணப்படும். மனிதன் நோயும் விலங்கின் துயரும் ஓரிடத்தே அமைந்த அப்பகுதி என் உள்ளத்தைப் பன்னாள் உறுத்தியதுண்டு. நீர்க்கோவையால் மாண்ட ஓர் உயிரை யான் அறிவேன். அது மனிதனன்று, நாய்.

இராசிபுரத்தை அடுத்த எம் சிற்றூரில், மரவள்ளிக் காட்டையும் ஆட்டுப்பட்டியையும் காத்துவந்த நாய் அது. ஒரு கோடையில் அதன் வயிறு குடம்போற் பருக்கலாயிற்று. விலா எலும்புகளோ ஒவ்வொன்றாக எண்ணத்தக்கனவாய்த் துருத்தி நின்றன. 'நன்றாய்த் தின்று கொழுத்துவிட்டான்' என்று நகைத்தோம், யானும் நகைத்தேன். பின்னர் மூச்சு வாங்கிப் படுத்தபோது, வயிற்றிற் சூடு இட்டால் வற்றுமென்றார் ஒருவர், அதுவும் செய்யப்பட்டது. நான்காம் நாள் பட்டியின் வாயிலிலேயே அது இறந்தது. வயிறு பருத்து உடல் மெலிதல் கொழுப்பன்று, நோயின் அடையாளம் என்பதை அன்று எம்முள் ஒருவரும் அறிந்திலேம்.

நீர் ஓரிடத்தே தேங்குவதற்குக் காரணம் யாது? நம் ஏரிகளை நினைத்தால் இது எளிதில் விளங்கும். மதகு அடைபட்டால் நீர் மேலேறிப் புறத்தே வழியும். கரை பழுதுற்றால் கசியும். வடிகால் தூர்ந்தால் கசிந்த நீர் வயலிலேயே நிற்கும். உடலிலும் இவ்வாறே. இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தாலும், கல்லீரல் இறுகி அதனூடே செல்லும் குருதி தடைப்பட்டாலும், குருதிக்குழாய்களில் அழுத்தம் மிகுந்து நீர் வயிற்றுள் இறங்கும். வீக்கமும் நஞ்சும் குழாய்ச் சுவர்களைப் பழுதாக்கினால் நீர் கசியும். கசிந்ததை மீட்டுச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் அடைபட்டால் அது தேங்கும். இவற்றோடு ஏரிக்கு இல்லாத வேறொன்றும் உடலுக்கு உண்டு. கல்லீரல் ஆக்கும் ஆல்புமின் என்னும் புரதம், நீரைக் குருதிக்குள் ஈர்த்து வைக்கிறது. சிறுநீரகமோ குடலோ அப்புரதத்தை இழந்தாலும், கல்லீரல் அதனை ஆக்காதொழிந்தாலும் நீர் வெளியேறும். இவ்வழுத்தத்திற்கும் ஈர்ப்பிற்கும் உள்ள சமநிலையை 1896-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார்.

ஆகவே வீக்கம் தானே ஒரு நோயன்று. உள்ளே மறைந்த நோயின் முறையீடு. எளிய நாய்களிடத்து அம்முறையீட்டின் வேர் பலகால் சிறியது: குருதி குடிக்கும் கொக்கிப்புழு, உண்ணி பரப்பும் காய்ச்சல், கொசுவால் வரும் இதயப்புழு, போதிய புரதமில்லா உணவு. காலில் வீங்கிய இடத்தை விரலால் அழுத்தக் குழி விழுந்து நிற்குமாயின் அது நீர் கோத்தமைக்கு ஓர் அறிகுறி. ஆனாற் பருத்த வயிறெல்லாம் நீரன்று. கருவாகவும் இருக்கலாம், பெண் நாயின் கருப்பையிற் சீழ் கட்டியதாகவும் இருக்கலாம். திடீரென வயிறு உப்பி, வாந்தி வாராது குமட்டுமாயின், இரைப்பை காற்றால் விரிந்து முறுக்கிய பேராபத்தாகலாம். அதற்கு நாழிகைக் கணக்கே உண்டு. இவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் தொழில். ஊசியால் நீரைச் சிறிதெடுத்து, அது தெளிந்ததோ, குருதி கலந்ததோ, பால்போன்றதோ என நோக்கியே அவர் வேரைத் தேடுவர். நீரை வடித்தல் மூச்சுத் திணறலைத் தணிக்கும். வேரை நீக்காவிடின் நீர் மீண்டும் ஊறும். சூடு இடுதலோ புண்ணையன்றி வேறொன்றையும் தருவதில்லை. மனிதர் உண்ணும் வலிமாத்திரைகளும் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லன.

'நாய்க்கு மருத்துவமா? மனிதர்க்கே இல்லையே!' என்பார் உளர். ஏழையின் துயரை முன்வைக்கும் அவ்வினாவை இகழ யான் துணியேன். எனினும் அங்ஙனம் வினவுவோர் இரண்டனை நோக்குதல் வேண்டும். ஒன்று, வரும்முன் காத்தலின் செலவு சிறிது: புழுநீக்க மருந்து, உண்ணி களைதல், நாளும் ஒருவேளை நல்லுணவு. மற்றொன்று, மருத்துவம் நமக்குச் சேய்மையிலும் இல்லை. சென்னையில் 1903-ஆம் ஆண்டே கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. நம் நாமக்கல்லிலோ 1985-ஆம் ஆண்டு தொடங்கி அத்தகைய கல்லூரி விளங்குகிறது. கோழிக்கும் முட்டைக்கும் பெயர்பெற்ற இந்நாட்டில், கோழி நலிந்தால் அன்றே மருந்து தேடுகிறோம். அதைக் காக்கும் நாய் நலிந்தால் விதியென்கிறோம். எனவே குறை பொருளில் மட்டும் இல்லை. நம் கருத்திலும் உள்ளது.

நம் முன்னோர் கருத்து வேறாயிருந்தது. நாயின் குட்டிக்கும் புலியின் குட்டிக்கும் 'குருளை' என ஒரு பெயரையே தொல்காப்பிய மரபியல் வகுத்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, கள்ளரை எதிர்த்து மாண்ட வீரனோடு, அவனுக்குத் துணைநின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர்சுட்டிப் போற்றுகிறது. மாண்ட நாய்க்குக் கல்லில் இடந்தந்த மக்களின் வழிவந்த நாம், வாழும் நாயின் வயிற்றைக் கண்டு நகைத்தல் தகுமோ?

எல்லா நீர்க்கோவையும் தீருமென யான் சொல்லேன். இதயம் தளர்ந்த நாய்க்கு மருந்தும் உப்புக் குறைந்த உணவும் சில காலம் ஆறுதல் தரும், அவ்வளவே. ஆயினும் நோவின்றி வாழும் சில திங்களும் அவ்வுயிர்க்குப் பெரிதே. விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்காள்! உங்கள் வாயிலிற் படுத்திருக்கும் நாயின் விலாவையும் வயிற்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஐயமுண்டாயின் அன்றே கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கிணற்றில் வீழ்ந்த எருதை நாள்பார்த்துத் தூக்குவாரில்லை. யாம் நாள் கடத்தினேம், நீவிர் கடத்தாதிருப்பீராக.