தெரு வியாபாரியிடம் பேசினாலும் 'உளவாளி'யா? வெளிநாட்டில் சிக்கும் ஆராய்ச்சி மாணவர்கள்: பின்னணி என்ன?

2016 ஜனவரி 25. எகிப்து தலைநகர் கெய்ரோவில், நண்பரைப் பார்க்கக் கிளம்பினார் 28 வயது இத்தாலி மாணவர் ஜூலியோ ரெஜேனி. போய்ச் சேரவே இல்லை. ஒன்பது நாள் கழித்து, அலெக்சாண்ட்ரியா செல்லும் நெடுஞ்சாலை ஓரத்தில் சடலமாகக் கிடைத்தார். உடலில் சித்திரவதைக் காயங்கள்.

இத்தனைக்கும் அவர் தேடியது ராணுவ ரகசியம் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி செய்துகொண்டிருந்த அவரது தலைப்பு, எகிப்தின் சுதந்திரத் தொழிற்சங்கங்கள். அதற்காகத் தெரு வியாபாரிகளிடம் பேசினார். அவ்வளவுதான்.

ரெஜேனி மாட்டியது எப்படி?

அவர் நம்பிப் பேசிய வியாபாரிகள் சங்கத் தலைவரே போலீசுக்குத் தகவல் கொடுத்தார். ரகசிய கேமராவில் பேச்சைப் பதிவும் செய்தார். ஆய்வு உதவித்தொகை பற்றிய அந்தப் பேச்சு 2017-ல் எகிப்து அரசு டிவியிலேயே ஒளிபரப்பானது.

எகிப்து பாதுகாப்பு அதிகாரிகள் 4 பேர் மீது இத்தாலி குற்றம்சாட்டியது. 2024-ல் ரோமில் விசாரணை தொடங்கியபோது குற்றவாளிக் கூண்டு காலி. தங்களுக்குத் தொடர்பில்லை என்கிறது எகிப்து.

இவர் ஒருவர் மட்டும்தானா?

இல்லை. பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழக மாணவர் மேத்யூ ஹெட்ஜஸ், ஐக்கிய அரபு அமீரகத்தின் பாதுகாப்புக் கொள்கை பற்றி ஆய்வு செய்தவர். 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் கைதானார். நவம்பர் 21-ல் ஆயுள் தண்டனை. ஐந்தே நாளில் மன்னிப்பு, விடுதலை.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் சியுவே வாங், ஈரானின் பழைய வரலாற்று ஆவணங்களைத் தேடிப் போனவர். 2016-ல் கைது, உளவு வழக்கில் 10 ஆண்டு தண்டனை. 2019 டிசம்பரில், அமெரிக்கப் பிடியில் இருந்த ஈரான் விஞ்ஞானி ஒருவருக்குப் பதிலாக விடுவிக்கப்பட்டார்.

அதே பிரின்ஸ்டனின் எலிசபெத் சுர்கோவ், 2023 மார்ச்சில் பாக்தாத்தில் கடத்தப்பட்டார். வீடு திரும்ப 900 நாட்களுக்கு மேல் ஆனது.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது?

கள ஆய்வு என்றால் என்ன? உள்ளூர் மொழி கற்றுக்கொள்வது, மக்களோடு பழகுவது, யாருக்குச் செல்வாக்கு என்று கேட்பது, குறிப்பு எடுப்பது. உளவாளி செய்வதும் வெளியில் இருந்து பார்த்தால் இதேதான். போதாக்குறைக்கு, படிப்புக்கான பணமும் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

சந்தேகத்துக்குப் பழைய காரணமும் உண்டு. முதல் உலகப் போரின்போது சில அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ச்சி என்ற பெயரில் உளவு பார்த்ததை, 1919-ல் மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். உளவு பார்த்தவர்களை விட்டுவிட்டு, அமெரிக்க மானுடவியல் சங்கம் அவரையே கண்டித்தது. அந்தக் கண்டனம் ரத்தானது 2005-ல்தான். அன்று சிலர் செய்த தப்புக்கு, இன்று சம்பந்தமே இல்லாத மாணவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

ஆனால் எல்லா கைதுக்கும் சந்தேகம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வாங் வழக்கைப் போல, கையில் ஒரு வெளிநாட்டு மாணவர் இருந்தால் பேரம் பேசலாம் என்ற கணக்கும் இருக்கிறது.

சொந்த நாட்டு மாணவர் என்றால்?

வியன்னாவில் மானுடவியல் முதுகலை படித்த எகிப்து மாணவர் அகமது சமீர் சந்தாவி, விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் 2021 பிப்ரவரியில் கைதானார். 'பொய்ச் செய்தி பரப்பினார்' என்று தண்டனை. 2022 ஜூலையில்தான் மன்னிப்பு கிடைத்தது. ஹெட்ஜஸுக்காக பிரிட்டன் அரசே குரல் கொடுத்தது. சொந்த அரசே சிறையில் போட்டால், யாரிடம் போய் முறையிடுவது?

நஷ்டம் யாருக்கு?

மாணவருக்கும் குடும்பத்துக்கும் மட்டும் இல்லை. ஆபத்து என்று தெரிந்தால் அடுத்து வருபவர் தலைப்பை மாற்றிக்கொள்வார். பேட்டி கொடுத்தவரும் வாயை மூடிக்கொள்வார். மாணவராவது விமானம் ஏறிவிடலாம், அவர் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

கெய்ரோவின் தெரு வியாபாரிகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ரெஜேனி எழுத நினைத்த ஆய்வு முடியவே இல்லை. இப்படி ஒவ்வொரு ஆய்வும் நின்றுபோனால், ஒரு நாட்டைப் பற்றி உலகத்துக்குத் தெரிவது அந்த நாட்டு அரசு சொல்வது மட்டும்தான்.