சாக்கெட் விலையும் சாக்கெட் வேலையும்

கார் வேலை பார்ப்பவர்கள் நடுவில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. சாக்கெட் என்றால் ஸ்னாப்-ஆன், மற்றதெல்லாம் தகரம் என்று ஒரு கட்சி. இரும்பு இரும்புதானே, பிளாட்பாரத்தில் கிடைப்பதே போதும் என்று எதிர்க்கட்சி. இரண்டுமே உளறல்.

முதலில் உசத்திக் கட்சி. ஸ்னாப்-ஆன் 1920-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கியபோது விற்றதே புது யோசனைதான்: 5 கைப்பிடி, 10 சாக்கெட், மாற்றி மாற்றிப் பொருத்தினால் 50 கருவியின் வேலை. பிறகு 1960-களில் ஃபிளாங்க் டிரைவ் வந்தது. நட்டின் மூலையைப் பிடிக்காமல், சற்று உள்ளே தள்ளித் தட்டைப் பக்கத்தில் அழுத்தும்படி சாக்கெட்டின் உட்புறத்தை வளைத்தார்கள். மூலை மழுங்குவது குறைந்தது. அருமையான வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் காப்புரிமைக்கு ஆயுள் உண்டே! அது முடிந்து பல வருஷமாச்சு. இன்று நடுத்தர விலை சாக்கெட்டிலும் அந்த வளைவு இருக்கிறது.

அப்புறம் எதற்கு அவ்வளவு விலை? அங்கே பட்டறை வாசலுக்கே வந்து நிற்கும் வேன், தவணைக் கடன், உடைந்தால் மாற்றித் தரும் உத்தரவாதம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு நாள் வேலை நின்றால் வருமானம் போகிற மெக்கானிக்குக் கட்டுப்படியாகும். வருஷத்துக்கு இரண்டு தரம் ஆயில் மாற்றுகிற கார்க்காரர் வாங்கினால், தன் வாசலுக்கு வராத வேனுக்கு பெட்ரோல் போடுகிறார் என்று அர்த்தம்.

மலிவுக் கட்சிதான் அதிக ஆபத்து. 40 பீஸ், பளபள பெட்டி, ஒவ்வொன்றிலும் 'குரோம் வனேடியம்' முத்திரை. முத்திரை குத்த அச்சு போதும், உலை வேண்டாம். பலம் பாதி கலவையில், மீதி சூடேற்றிக் குளிர்விக்கிற பக்குவத்தில். பக்குவம் தப்பினால் வாய் விரியும், அல்லது விரிசல் விடும். கை சாக்கெட் எவ்வளவு முறுக்கு தாங்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 1711 தரம் சொல்கிறது. பெயரே இல்லாத பெட்டியை யார் சோதித்தார்கள்?

சின்னக் காரின் சக்கர நட்டை இறுக்குவது சுமார் 100 நியூட்டன் மீட்டர். துருப்பிடித்தால் கழற்ற இன்னும் கூட வேண்டும். 60 கிலோ ஆள் 30 செ.மீ. கைப்பிடி நுனியில் ஏறி நின்றால் சுமார் 180. அந்த நேரம் பார்த்து சாக்கெட் வழுக்கினால்? பட்டறைக்காரர் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். கை கிழிவது வேலை பழகும் பையனுக்கு. மழுங்கிய போல்ட்டை வெல்டிங் வைத்து எடுக்கும் கூலி கார்க்காரர் பில்லில். லாபம் ஓரிடம், நஷ்டம் வேறிடம் என்றால் மட்ட சரக்கு விற்றுக்கொண்டேதான் இருக்கும்.

வாங்க வேண்டியது டபாரியா மாதிரி பெயர் தெரிந்த கம்பெனியின் 6 மூலை சாக்கெட். 12 மூலை சட்டென்று மாட்டும், இடுக்கில் வசதி; ஆனால் துருப்பிடித்த நட்டில் அதுதான் முதலில் வழுக்கும். 8, 10, 12, 14, 17, 19, 21 இருந்தால் ஜப்பான், கொரியா வழி வந்த கார்களில் பெரும்பாலான வேலை முடியும். இம்பாக்ட் கன் இருந்தால் அதற்குக் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக வேண்டும். குரோம் பூசிய கை சாக்கெட்டை, எத்தனை உசத்தியானாலும், அதில் மாட்டக்கூடாது. சிதறினால் கண்ணுக்குத்தான் ஆபத்து.

10 மி.மீ. மட்டும் இரண்டு வாங்கி வைப்பது நல்லது. எப்படியும் ஒன்று தொலையும் :-)