காய்ச்சலா? இடுப்பு மடிப்பையும் ஒரு தடவை பாருங்க!

ஐப்பசி, கார்த்திகை மழை நின்று கண்மாய்க் கரையெல்லாம் புல் மண்டிக் கிடக்கும் சமயம். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆடு மேய்க்கவும் விறகு ஒடிக்கவும் நூறு நாள் வேலைக்கு வரத்துக்கால் வெட்டவும் ஜனங்கள் அந்தப் புதருக்குள்தான் இறங்கவேண்டும். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறப்பார்கள். தோட்டத்துப் புதரை வெட்ட ஆள் கூப்பிடுவார்கள். பத்து நாள் கழித்து அந்த ஆளுக்குக் காய்ச்சல் வரும். புதருக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. மூணாம் நாள் ஊசி. டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்ததும் வீட்டில் நிம்மதி. காய்ச்சல் மட்டும் இறங்காது. ஒரு வாரம் தாண்டினால் மூச்சு வாங்கும், கண் மஞ்சளாகும், சிலருக்குப் பேச்சு குழறும். ஸ்க்ரப் டைபஸ் முற்றிய பலருடைய கதை இப்படித்தான் நகர்கிறது.

செய்திகளில் இதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகிறார்கள். மாட்டு மடியில் தொங்கும் உண்ணி இல்லை இது. புதரில் வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். எலி மேலே ஒட்டி வாழ்வது, குறுக்கே மனுஷன் போனால் அவன் மேலும் ஏறிக்கொள்ளும். கடித்தால் வலிக்காது. அது உள்ளே விடும் பாக்டீரியாவின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நாய் உண்ணி மூலம் வரும் புள்ளிக் காய்ச்சல் தனி. அது இதற்குப் பங்காளி மாதிரி, மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான்.

டைபஸ் என்றதும் ‘டைபாய்டுதானே’ என்று கேட்பவர்கள் நிறைய. அங்கேதான் ஆபத்து. டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமி நம் செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரைதான் வேலை செய்யும். விலையும் ரொம்பக் குறைவு. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இவ்வளவு மலிவான மருந்து கையில் இருந்தும் ஆட்கள் ஐசியூ வரை போகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இது எப்போதாவது வருகிற அபூர்வ நோயா? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசின் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில், 32,000-க்கும் மேற்பட்டவர்களை 2020 முதல் 2022 வரை பின்தொடர்ந்தார்கள். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் ‘யாருக்காவது காய்ச்சல் வந்துச்சா?’ என்று கேட்டு ரத்தம் எடுத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் இருந்தது. 5 பேர் இறந்துபோனார்கள். 2025-ல் இந்த முடிவு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணாமல், வாசலுக்கே போய் எண்ணியதுதான் இதன் பெருமை.

சரி, முற்றிய நிலையில் வந்தவரை எப்படிக் காப்பாற்றுவது? இரண்டாம் உலகப் போரில் பர்மா காட்டில் சிப்பாய்கள் இதே காய்ச்சலில் விழுந்தபோது மருந்தே கிடையாது. 1948-ல் மலாயாவில் குளோராம்பெனிகால் பலன் தந்தது. பிறகு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் வந்தன. தீவிர நோய்க்கு இவற்றில் எது மேல் என்று உறுதியாகச் சொல்ல பெரிய ஆய்வு இல்லாமலே பல வருஷம் ஓடிவிட்டது. ஏழைகளின் காய்ச்சல் என்றால் ஆராய்ச்சியும் மெதுவாகத்தான் வரும் போல.

அந்த ஆய்வைச் செய்ததும் வேலூர்க்காரர்கள்தான். சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் 7 மருத்துவமனைகளில், உறுப்புகள் பாதிக்கப்பட்டு வந்த 794 பேரிடம் நடந்தது. நடுவில் கொரோனா வேறு. ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளின், இன்னொரு பிரிவுக்கு அசித்ரோமைசின், மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. எல்லாமே நரம்பு வழியாக, 7 நாள். 2023-ல் முடிவு வந்தது. மரணம், ஒரு வாரமாகியும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், ஒற்றை மருந்து வாங்கிய பிரிவுகளில் 47, 48 சதவிகிதம். இரண்டும் வாங்கியவர்களில் 33 சதவிகிதம்.

இரண்டு மருந்து சேர்ந்தால் ஏன் கூடுதல் பலன்? முறுக்கு உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கிருமி உயிர்வாழப் புரதத்தைப் பிழிந்துகொண்டே இருக்கவேண்டும். டாக்ஸிசைக்ளின் உழக்குக்குள் மாவு வரவிடாமல் தடுக்கிறது. அசித்ரோமைசின் அச்சின் ஓட்டையை அடைக்கிறது. ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் அடைபட்டிருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இறப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிக்கல்கள் சீக்கிரம் தீர்ந்தன என்பதுதான் லாபம். தாமதமாக வந்தவரைக் காப்பாற்ற நல்ல மருந்தும் சில நேரம் திணறத்தான் செய்கிறது. இன்னொன்று, இது ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து. ‘ரெண்டையும் சேர்த்துக் கொடுங்க’ என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற சமாசாரம் இல்லை.

சீக்கிரம் கண்டுபிடிக்க உடம்பிலேயே ஒரு அடையாளம் இருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது, அதனால் கவனத்துக்கே வராது. எல்லோருக்கும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இருந்தால், பார்த்த மாத்திரத்தில் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

சிக்கல், அது இருக்கும் இடம். அக்குள், மார்புக்குக் கீழ், பாவாடை நாடா இறுகும் இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு. நம் அப்பத்தாக்கள் டாக்டரிடம் நாக்கை நீட்டுவார்கள், கையைக் கொடுப்பார்கள். சேலையைத் தளர்த்தச் சொன்னால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா’ என்று முடித்துவிடுவார்கள். கூட்டமான ஓ.பி.யில் டாக்டரும் வற்புறுத்தமாட்டார். ஆகவே இது வீட்டுப் பெண்களின் வேலை. மகளோ மருமகளோ குளிப்பாட்டும்போது, உடம்பு துடைக்கும்போது ஒரு நோட்டம் விட்டால் போதும். பொருக்கைக் கண்டால் பிய்க்காதீர்கள். போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டலாம், அல்லது நர்ஸிடம் காதோடு சொல்லலாம்.

கூடவே, மூன்று வாரத்துக்குள் புதர், கண்மாய், ஆட்டுக்கிடை என்று எங்கே போனார் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். அதை வைத்துத்தான் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனை எழுதுவதா என்று டாக்டர் முடிவு செய்வார். கர்ப்பிணி என்றால் அதையும் மறக்காமல் சொல்லவேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின்தான் தருகிறார்கள்.

தடுப்பூசி இதுவரை கிடையாது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்றும் இல்லை. கிருமியில் ரகங்கள் பல. புதருக்குள் போய்வந்தால் அன்றைக்கே சோப்புப் போட்டுக் குளித்து, கட்டியிருந்த துணியை வெந்நீரில் அலசிப் போடுங்கள். கொல்லைப் புறத்துப் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். வெட்ட வருகிறவருக்கு முழுக்கைச் சட்டையும், முழங்கால் மூடும் துணியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொடுங்கள்.