சாதிதான் டெஸ்ட் ரிசல்ட்டா?

அக்கா மகளுக்கு அப்போது எட்டு மாசம். காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். துணியை விலக்கிய நர்சம்மா, இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எந்த வளவு?" என்றார். சொன்னோம். "அப்பன்காரன் குடிச்சுப்போட்டு அடிச்சானா?" அவ்வளவுதான் விசாரணை. "பொறந்தன்னைக்கே இருந்துதுங்கம்மணி" என்று ஆத்தா கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை. சீட்டில் 'அடிபட்ட காயம்' என்று எழுதியாகிவிட்டது.

கறுத்த தோல் பிள்ளைகள் பலருக்குப் பிறவியிலேயே இருக்கும் படை அது. வலிக்காது; சில வருசத்தில் தானாக மங்கிவிடும். அடிபட்டுக் கன்றியது சில நாளிலேயே நிறம் மாறும். ஒரு வாரம் பொறுத்துத் திரும்பப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு அப்புறம் என்ன பார்வை வேண்டிக்கிடக்கு?

மறுபக்கத்தையும் பாருங்கள். ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, 2022 நவம்பர். பையன் ஒருவனுக்கு டெங்கு. எப்படிடா வந்துச்சு என்று தாய் கேட்கப்போய்த்தான், பள்ளிக்கூடத்துக் கக்கூசைக் கழுவும்போது கொசு கடித்த கதை வெளியே வந்தது. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைக் கழுவவிட்டதாகப் புகார். தலைமையாசிரியை பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். டிசம்பரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதும் ஆனார்.

டெங்குக் கொசு நல்ல தண்ணியில் வளர்வதாச்சே, பகலில் எங்கே வேணுமானாலும் கடிக்குமே, கக்கூசில்தான் கடித்தது என்பதற்கு என்ன ருசு என்று கேட்பார்கள். ருசு இல்லைதான். ஆனால் கொசுவா அங்கே குற்றவாளி? பிள்ளை கையில் விளக்குமாறு எப்படி வந்தது என்பதல்லவா கேள்வி! அதற்கு வழிதிறந்தது ஒரு தாய் கேட்ட கேள்வி. காய்ச்சலுக்கு மருந்து மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அது அப்படியே அமுங்கிப்போயிருக்கும்.

டெங்குவில் தட்டணு குறைந்தால் தோலில் ரத்தப் புள்ளிகள் தெரியும். அதை அடி என்றும் எழுதலாம். வாங்கிய அடியை டெங்கு என்றும் எழுதலாம். எங்கள் வீட்டுக்குள் தெரிந்தால் குடிகார அப்பன் அடித்தது. பள்ளிக்கூடத்திலோ கவுண்டர் தோட்டத்திலோ பட்டதென்றால் ஏதோ வியாதி. ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் முன்னாலேயே சாதி ரிசல்ட் கொடுத்துவிடுகிறது.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. அடிக்கிற அப்பன் எங்கள் வளவிலும் உண்டு, அவனை மறைக்கவும் இல்லை. தட்டணு எண்ணு. ரத்தம் உறைகிறதா பார். எலும்பு முறிந்திருந்தால், எலும்பே பலவீனமா என்று பார். ஒரு வாரம் கழித்து மறுபடி பார். பிறகு பெரியவங்களை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது பேசுகிற பேச்சிலேயே கேட்டு எழுது. எந்த வளவு என்று கேட்காதே.